அலைச்சலும் கலைந்த தூக்கமும்: கைக்குழந்தையின் திடீர் மரண ஆபத்தைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தையை மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும் என்பது இன்று நிறையப் பெற்றோருக்குத் தெரிந்திருக்கிறது. பெரும்பாலான இரவுகளில் அப்படியே செய்தும் விடுகிறார்கள். நழுவுவது எப்போது என்றால், நாள் குலைந்துபோகும்போது. நெடும் பயணம், வீடு நிறைய விருந்தாளிகள், காப்பகத்தில் விட்ட முதல் நாள், சளியோடு விடிய விடிய அழுததற்கு மறுநாள். பகல் தூக்கம் கெட்டு, அழுது ஓய்ந்து, கடைசியில் கார் இருக்கையிலோ யாருடைய தோளிலோ குழந்தை அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிவிடும். "அப்பாடா, இப்பதான் தூங்குச்சு. தொடாதே, முழிச்சுக்கும்" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. களைத்துப்போன குழந்தையின் தூக்கம் கனமானது. மூச்சுக்கு இடைஞ்சல் வந்தால் அதிலிருந்து விழிப்பது வழக்கத்தைவிடக் கடினம். அதே இரவில் பெரியவர்களும் களைத்திருப்பார்கள், வழக்கமான கண்டிப்பைத் தளர்த்துவார்கள். இந்த இரண்டும் ஒன்றுசேர விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நாம் செய்யக்கூடியது.

முதலில், என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வோம்

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை திடீரென்று இறந்து, பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தை ஆராய்வது, மருத்துவ வரலாற்றைப் பார்ப்பது எல்லாம் செய்த பிறகும் காரணம் தெரியவில்லை என்றால் அதற்குத்தான் 'சிட்ஸ்' என்று பெயர். தொட்டில் மரணம் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் தூக்கத்தில் நடக்கும். இரண்டு முதல் நான்கு மாத வயதில் உச்சத்தில் இருக்கும், பத்தில் ஒன்பது மரணங்கள் ஆறு மாதத்துக்குள்ளேயே நிகழ்கின்றன. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

1994இல் ஃபிலியானோ, கின்னி என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடும்போதுதான் விபரீதம் நடக்கிறது என்பது அவர்கள் கருத்து: வெளியே தெரியாத ஏதோ ஒரு பலவீனம் உள்ள குழந்தை, உடலின் கட்டுப்பாடுகள் வேகமாக மாறிக்கொண்டிருக்கும் வயது, வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடி. முதலாவதை நம்மால் பார்க்க முடியாது. வயதை நிறுத்தி வைக்கவும் முடியாது. மிஞ்சுவது மூன்றாவதுதான். குப்புறப் படுப்பது, மெத்தென்ற படுக்கை, புகை, அதிக வெக்கை, சளி, தூக்கக்கேடு எல்லாம் இந்த மூன்றாவது கணக்கில் வருபவை.

பலவீனம் என்றால் என்ன? தூங்கும் குழந்தையின் மூக்கு மெத்தையில் அழுந்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்ட காற்றையே திரும்ப இழுக்கிறது. உடம்பில் கரியமில வாயு ஏறுகிறது. ஆரோக்கியமான குழந்தை முதலில் ஒரு பெரிய மூச்சு விடும், பெருமூச்சு மாதிரி. அடுத்து கை கால் வெடுக்கென்று உதறும். அப்புறம் நெளியும், தலையைத் திருப்பப் பார்க்கும். கடைசியில் முழுசாக விழித்து வீறிட்டு அழும். மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு நடத்தும் இந்த வரிசை சில நொடிகளில் முடிந்துவிடும், நாம் கவனிக்கவே மாட்டோம். சிட்ஸில் இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த கோளாறுகள் காணப்பட்டிருக்கின்றன. அதாவது, எழுப்பும் மணி சிலருக்குச் சரியாக அடிப்பதில்லை.

தூக்கக்கேடு இங்கேதான் வருகிறது. பெல்ஜிய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான கைக்குழந்தைகளை வழக்கமாகத் தூங்கும் நேரத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரம் விழித்திருக்க வைத்தார்கள். பிறகு தூங்கவிட்டு, சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் விழிப்பு வருகிறது என்று பார்த்தார்கள். தூக்கம் தள்ளிப்போன பிறகு குழந்தைகளை எழுப்ப அதிகச் சத்தம் தேவைப்பட்டது. மேல் மூச்சுப்பாதை அடைபட்டு மூச்சு சற்றே தடைபடுவதும் கூடுதலாக நடந்தது. விழிக்க வேண்டிய காரணம் அதிகமாகிறது, விழிக்கும் திறன் குறைகிறது.

இதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். குப்புறப் படுக்க வைப்பது பற்றியும் புகை பற்றியும் இருக்கும் ஆதாரம் மிக வலுவானது. அமெரிக்காவில் 1992இல் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்ற பரிந்துரை வந்து, 1994இல் பெரும் பிரசாரமாக மாறியது. அதன் பிறகு சிட்ஸ் மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. தூக்கக்கேடு, அலைச்சல் பற்றிய ஆதாரம் அந்த அளவுக்கு இல்லை. ஒரு நாள் தூக்கம் கெட்டதால் மட்டும் ஒரு குழந்தை இறந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆபத்துகளின் மேல் அது இன்னொரு சுமையாக ஏறுகிறது, அவ்வளவுதான். குழந்தையை இழந்த ஒரு தாயிடம் போய் "அன்னைக்கு அலைச்சல் இருந்ததா?" என்று கேட்பதற்கு இதில் எந்த நியாயமும் இல்லை.

படி 1: எந்தத் தூக்கக்கேடு பிரச்சினை என்று பிரித்துப் பாருங்கள்

குழந்தை தானாக இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து பால் குடிப்பது கோளாறு இல்லை. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும், அதையும் துண்டு துண்டாகத்தான். இரவு பகல் வித்தியாசமே இரண்டு மூன்று மாதத்தில்தான் மெல்லப் பிடிபடும். எளிதில் விழிப்பது அந்த வயதில் ஒரு பாதுகாப்பு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் இரண்டு மூன்று மாத வயதில் சற்று எளிதாக விழிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாய்ப்பால் சிட்ஸ் ஆபத்தைக் குறைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"எங்க பிள்ளை ரெண்டு மாசத்துலயே ராத்திரி முழுக்கத் தூங்குது" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. அப்படித் தூங்க வைக்கப் புட்டிப்பாலில் எதையாவது கலப்பது, குப்புறப் போடுவது, கனமான போர்வையால் அமுக்குவது போன்ற வழிகளில் இறங்கவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு வகை. குழந்தைக்குத் தூக்கம் வருகிறது, ஆனால் சூழ்நிலை தூங்க விடவில்லை. சத்தம், வெளிச்சம், கைமாறுதல், பயணம், மூக்கடைப்பு, புது இடம். இப்படி இரண்டு மூன்று தூக்கங்கள் தவறிப்போன பிறகு வரும் நீண்ட தூக்கம்தான் நம் அக்கறைக்குரியது.

படி 2: படுக்கும் இடத்தை எந்த இரவுக்கும் ஒரே மாதிரி தயாராக வையுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பலருக்குத் தெரிந்ததுதான். உறுதியான, சமதளமான மெத்தை. அதன்மேல் இறுக்கமாக மாட்டிய விரிப்பு ஒன்று. தலையணை, போர்வை, பொம்மை, பக்கவாட்டில் கட்டும் பஞ்சுத் தடுப்பு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஒவ்வொரு தூக்கத்துக்கும், பகலோ இரவோ, மல்லாந்து. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குழந்தை எளிதாகக் குப்புறச் சரிந்துவிடும், ஆகவே அதுவும் வேண்டாம். வீட்டிலும் காரிலும் புகை கூடாது, கர்ப்ப காலத்திலிருந்தே. குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில்.

மல்லாந்து படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதா என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். குப்புறப் படுத்தால் கதை தலைகீழ். எதுக்களிக்கும் குழந்தைக்கும் மல்லாந்த நிலைதான்.

குழந்தை தானாகவே இரு பக்கமும் நன்றாகப் புரளத் தொடங்கியபின், தூக்கத்தில் அதுவாகக் குப்புற விழுந்தால் ஒவ்வொரு முறையும் எழுந்து திருப்பிப் போட வேண்டியதில்லை. ஆனால் படுக்க வைப்பது எப்போதும் மல்லாந்துதான். துணியில் சுற்றித் தூங்க வைக்கும் வழக்கம் இருந்தால், குப்புற விழ முயலும் அறிகுறி தெரிந்த அன்றே நிறுத்திவிடுங்கள்.

தூங்கும் நேரத்தில் பேசிஃபயர் (வாயில் வைத்துச் சப்பும் ரப்பர் காம்பு) கொடுப்பதும் ஆபத்தைக் குறைக்கிறது. தாய்ப்பால் நன்றாகப் பழகிய பிறகு தொடங்கலாம். தூங்கியபின் வாயிலிருந்து விழுந்தால் திரும்ப வைக்க வேண்டாம். கழுத்திலோ சட்டையிலோ கயிறு போட்டுக் கட்டக் கூடாது.

படி 3: களைப்பு முற்றுவதற்கு முன்பே கண்டுபிடியுங்கள்

கைக்குழந்தை தொடர்ந்து விழித்திருக்கக்கூடிய நேரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. முதல் சில வாரங்களில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், மூன்று மாத வாக்கில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கடிகாரத்தைவிட முகம் நன்றாகச் சொல்லும். பார்வை எங்கோ நிலைகுத்தும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புருவத்தைச் சுற்றி லேசாகச் சிவக்கும். கொட்டாவி வரும். இந்தக் கட்டத்தில் படுக்க வைத்தால் பெரும்பாலும் சண்டையில்லாமல் தூங்கிவிடும்.

இதைத் தவறவிட்டால் குழந்தை தூங்காது, மாறாக முறுக்கேறிப்போகும். முதுகை வளைக்கும், கையைக் காலை உதைக்கும், எது கொடுத்தாலும் அழும். "தூக்கமே வரல போல, நல்லா ஆட்டம் போடுது" என்று சிலர் தவறாகப் புரிந்துகொண்டு இன்னும் விளையாட்டுக் காட்டுவார்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள், கூட்டத்திலிருந்து விலகுங்கள், ஒரே ஒருவர் கையில் இருக்கட்டும். மெதுவான அசைவும் ஒரே மாதிரியான தாழ்ந்த குரலும் போதும்.

படி 4: நாள் குலைந்துவிட்டால்

முன்கூட்டியே தெரிந்த அலைச்சலுக்கு முன்கூட்டியே திட்டமிடலாம். பயணம் என்றால் குழந்தை எங்கே படுக்கப் போகிறது என்பது புறப்படுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், நள்ளிரவில் போய்ச் சேர்ந்து, எல்லோரும் சோர்ந்து, பெரியவர்கள் கட்டிலின் நடுவில் தலையணைகளுக்கு இடையே குழந்தையைக் கிடத்துவதில்தான் முடியும். மடக்கி எடுத்துப்போகக் கூடிய சிறு படுக்கையை முதலில் விரித்துவிட்டு அப்புறம் பெட்டியைத் திறங்கள்.

ஒரு நாளில் ஒரு மாற்றம் போதும். தடுப்பூசி, பயணம், புதுப் பராமரிப்பாளர் மூன்றையும் ஒரே வாரத்தில் அடுக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இருப்பதில்லை. அடுக்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். நாள் குறிக்கும்போது இதையும் ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தின் நடுவே குழந்தை கார் இருக்கையில் தூங்கினால், வண்டி ஓடும்வரை அது அங்கேயே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். பட்டையை மட்டும் சரியாக மாட்டியிருங்கள். இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். உட்கார்ந்த நிலையில் தூங்கும் குழந்தையின் தலை முன்னால் சரிந்து, முகவாய் மார்பில் முட்டும். அந்த மெல்லிய மூச்சுக்குழாய் மடங்குவதற்கு அது போதும். வழக்கமாகத் தூங்கும் குழந்தை அப்போது நெளிந்து அழுதிருக்கும். நாள் முழுக்கத் தூங்காமல் களைத்த குழந்தை அழாமலே இருக்கலாம். சாய்வு இருக்கை, ஊஞ்சல் இருக்கை, உடம்போடு கட்டித் தூக்கும் பை எல்லாவற்றுக்கும் இதே விஷயம்தான். பையில் தூக்கும்போது முகம் வெளியே தெரிகிறதா, மூக்கு துணியில் அழுந்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எடுத்தால் விழித்துவிடுமே என்பீர்கள். விழிக்கட்டும். அலைச்சல் நாளின் முடிவில் ஒரு முறை விழிப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. மறுபடி பால் கொடுத்து, மல்லாந்து படுக்க வைத்தால் சரி.

அன்றைய இரவுக்கென்று சில கூடுதல் கவனங்கள். துணியைக் குறையுங்கள். பெரியவர் அணிவதைவிட ஒரு அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். வெளியிலிருந்து வந்தவுடன் தொப்பியைக் கழற்றுங்கள், கைக்குழந்தையின் உடல் வெப்பம் தலை வழியாகவும் வெளியேற வேண்டும். கை கால் சில்லென்று இருப்பதை வைத்துக் குளிரை அளக்காதீர்கள். பிடரியிலோ மார்பிலோ கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் அதிகம் போர்த்தியிருக்கிறீர்கள். வெக்கையும் விழிப்பை மந்தமாக்கும். களைப்போடு வெக்கையும் சேர்வது நல்லதில்லை.

குழந்தை அதே அறையில் நம் பக்கத்திலேயே இருக்கட்டும். இரவில் ஒரு பால் வேளையைக்கூடத் தவிர்க்காதீர்கள். மறுநாள் பகலில் தூக்கத்தை ஈடுகட்ட விடுங்கள், அன்றைக்கு வேறு நிகழ்ச்சி வேண்டாம்.

கண்காணிப்புக் கருவிகள் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். காலில் மாட்டி இதயத் துடிப்பும் ஆக்சிஜனும் காட்டும் சாதனங்கள் சிட்ஸைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. என் அபிப்பிராயத்தில் அவற்றின் பெரிய கேடு, அவை தரும் தெம்பு. கருவி இருக்கிறதே என்று படுக்கையில் விட்டுக்கொடுப்பார்கள், பொய் அலாரம் அடித்து அடித்துப் பெற்றோரின் தூக்கமும் கெடும்.

படி 5: வேறொருவர் கையில் ஒப்படைக்கும்போது

தூக்கக்கேடு, பதற்றம், பழக்கமில்லாத படுக்கை நிலை மூன்றும் ஒன்றாகக் கூடும் தருணம் இது. அமெரிக்காவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வில், சிட்ஸ் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பெற்றோர் அல்லாத ஒருவரின் பராமரிப்பில் இருக்கும்போது நடந்திருப்பது தெரிந்தது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு முதல் வாரத்திலேயே, அதில் பாதி முதல் நாளிலேயே. பராமரிப்பவர் அலட்சியமாக இருந்தார் என்று இதற்கு அர்த்தமில்லை. புது இடம், புது மணம், புது சத்தம். குழந்தை அழுது களைக்கிறது, தூக்கம் தள்ளிப்போகிறது. எப்படியாவது தூங்க வைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு யாரோ குப்புறப் போட்டுத் தட்டிக்கொடுக்கிறார்கள். எப்போதும் மல்லாந்தே தூங்கிப் பழகிய குழந்தையைத் திடீரென்று ஒரு நாள் குப்புறப் போட்டால் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. பதினெட்டு மடங்கு வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தலையைத் தூக்கித் திருப்பும் பயிற்சி அந்த நிலையில் அதற்கு இல்லை.

எனவே முதல் நாளே முழு நாள் விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று முறை நீங்களும் கூட இருங்கள். பிறகு ஒரு மணி நேரம், அப்புறம் ஒரு பகல் தூக்கம் அடங்கும் அளவுக்கு அரை நாள் என்று நீட்டுங்கள். பராமரிப்பவர் உங்கள் முன்னிலையில் ஒரு முறையாவது குழந்தையைப் படுக்க வைக்கட்டும். எந்தத் தொட்டில், உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். குழந்தைக்குச் சளி காய்ச்சல் இருந்தால் தொடக்கத்தைத் தள்ளிப்போடுங்கள்.

காப்பகத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். கஷ்டம் சொந்தக்காரர்களிடம்தான். நாலு பிள்ளை வளர்த்த பாட்டியிடம் போய் எப்படிப் படுக்க வைப்பது என்று பாடம் நடத்த முடியுமா? "நாங்க எல்லாம் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தோம், நீ நல்லாத்தானே இருக்கே?" என்ற கேள்வி வரும். அதோடு விவாதம் செய்து ஜெயிக்க முடியாது. "அம்மா, அப்ப டாக்டருங்களே அப்படித்தான் சொன்னாங்க, உங்க மேல தப்பில்ல. இப்ப மாத்திட்டாங்க. எனக்காக ஒவ்வொரு தடவையும் மல்லாந்தே படுக்க வையுங்க, அழுதா எனக்கு ஃபோன் பண்ணுங்க, நான் வந்துடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இதில் முக்கியமானது கடைசிப் பகுதி. அழுகையை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தன் மேல் இல்லை என்று தெரிந்தால், குப்புறப் போடும் அவசியமும் அவருக்கு வராது.

விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட்டு விளையாட விடுவது வேறு விஷயம். பெரியவர் கண்ணெதிரே, தினமும் கொஞ்ச நேரம், கழுத்தும் தோளும் பலப்பட அது அவசியம்.

படி 6: சளி, தடுப்பூசி, மருந்து

சிட்ஸில் இறந்த குழந்தைகள் பலருக்கு அதற்கு முந்தைய சில நாள்களில் லேசான சளி இருந்ததாகப் பதிவுகள் காட்டுகின்றன. மூக்கடைப்பு தூக்கத்தையும் கெடுக்கும். உப்புநீர்ச் சொட்டு விட்டு மூக்கைச் சுத்தம் செய்யுங்கள். மூச்சு எளிதாகட்டும் என்று தலைப்பக்கம் மெத்தையை உயர்த்த வேண்டாம், குழந்தை சரிந்து மடங்கிவிடும்.

தடுப்பூசியைக் கண்டு பயப்பட வேண்டாம். தடுப்பூசி போடும் வயதும் சிட்ஸ் உச்சத்தில் இருக்கும் வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த சந்தேகம் அது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கு ஆபத்து ஏறக்குறைய பாதியாகத்தான் இருந்தது. போட்ட அன்று குழந்தை சற்று அதிகமாகத் தூங்கலாம், லேசாகச் சுடலாம். அன்றைக்கு படி 4இல் சொன்ன கவனங்கள் போதும்.

மருந்து விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. தூக்கம் வர வைக்கும் எந்தச் சளி சிரப்பும் கைக்குழந்தைக்கு ஆகாது. புரோமெத்தசின் என்ற மருந்தை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சை அபாயகரமாக மந்தப்படுத்தும் என்று எச்சரிக்கை இருக்கிறது. "பெரியவனுக்கு வாங்கினது, அரை மூடி கொடு, நிம்மதியாத் தூங்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மருத்துவர் இந்தக் குழந்தையைப் பார்த்து எழுதிய மருந்து மட்டும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். வழக்கத்துக்கு மாறாக எழுப்ப முடியாமல் தூங்குவது, பால் வேளை அடுத்தடுத்துத் தவறுவது, மூச்சு விடும்போது விலா எலும்புக்கு இடையே குழி விழுவது, உதடு நீலம் பாரிப்பது எல்லாம் அவசரம்.

படி 7: உங்கள் தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள்

களைத்த பெரியவர் செய்யும் மிக ஆபத்தான காரியம், சோஃபாவில் குழந்தையோடு கண்ணயர்வது. அங்கே ஆபத்து 67 மடங்கு வரை ஏறும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகள் சொல்கின்றன. சோஃபாவின் சாய்வுக்கும் இருக்கைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் குழந்தை சரிந்தால் முகம் முழுக்க அழுந்திவிடும். கட்டிலில் படுத்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்துதான் பல தாய்மார்கள் சோஃபாவுக்குப் போகிறார்கள் என்பது இதில் உள்ள வேதனை.

ஆகவே இரவில் பால் கொடுக்கும்போது தூங்கிவிடுவேன் என்று தோன்றினால், சோஃபாவிலும் சாய்வு நாற்காலியிலும் உட்காராதீர்கள். தலையணையும் போர்வையும் அகற்றிய கட்டிலில் கொடுப்பது அதைவிடப் பரவாயில்லை. கண் அயர்ந்துவிட்டால், விழித்த அந்த நொடியே குழந்தையை அதன் படுக்கைக்கு மாற்றுங்கள். மது குடித்தவர், தூக்க மாத்திரை போட்டவர், புகைபிடிப்பவர் பக்கத்தில் குழந்தை படுக்கவே கூடாது. குறைமாதக் குழந்தைக்கும் நான்கு மாதம் நிறையாத குழந்தைக்கும் இது இன்னும் கண்டிப்பு.

இரவைப் பங்கு போடுங்கள். ஒருவர் முன்னிரவு, ஒருவர் பின்னிரவு. தாய்ப்பால் கொடுக்கும் வீட்டிலும் ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, திரும்பப் படுக்க வைப்பது எல்லாம் மற்றவர் வேலையாக இருக்கலாம். குறிப்பாக அந்தக் கடைசி வேலை. பால் கொடுத்து அரைத் தூக்கத்தில் இருப்பவரைவிட, எழுப்பிவிடப்பட்டவர் தெளிவாகப் படுக்க வைப்பார். தனியாக வளர்ப்பவர் என்றால், பால் கொடுக்கும் நேரத்துக்கெல்லாம் ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அசந்தாலும் எழுப்பிவிடும்.

படி 8: பெரியவர் மனநிலை

பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கும் சிட்ஸுக்கும் தொடர்பு இருப்பதாகப் பிரிட்டனில் நடந்த சில ஆய்வுகளில் தென்பட்டது. தாயின் கவலை காற்றில் பரவிக் குழந்தையைத் தாக்குகிறது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மனச்சோர்வில் இருப்பவர் தூங்குவதில்லை, தாய்ப்பால் சீக்கிரம் நின்றுபோகிறது, புகை பழக்கம் திரும்ப வருகிறது, இரவு மூன்று மணிக்கு எது முடிகிறதோ அதைச் செய்கிறார். வழி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, அழுகை நிற்கவில்லை, குழந்தையின் மூச்சை நிமிடத்துக்கு நிமிடம் எழுந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்று 1987 முதல் புழக்கத்தில் இருக்கிறது, நிரப்பச் சில நிமிடங்கள் ஆகும். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் அன்றைக்கே உதவி வேண்டும். அப்பாக்களுக்கும் இது வரும்.

குழந்தை விடாமல் அழுது உங்களுக்குப் பொறுமை எல்லை மீறினால், அதை மல்லாந்து தொட்டிலில் கிடத்திவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். பத்து நிமிடம் அழட்டும். எந்தச் சூழ்நிலையிலும் குழந்தையை உலுக்கக் கூடாது.

படி 9: குழந்தை அசைவில்லாமல் இருந்தால்

உள்ளங்காலைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை அல்லது விட்டு விட்டுத் திணறுகிறது என்றால், உதவிக்குக் கத்துங்கள். கூட ஒருவர் இருந்தால் அவர் அவசர எண்ணை அழைக்கட்டும். நீங்கள் மட்டும் என்றால் செல்பேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். உறுதியான தளத்தில் மல்லாந்து கிடத்தி, மார்பின் நடுவே, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. மூச்சு கொடுக்கும்போது உங்கள் வாயால் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, மார்பு எழும் அளவுக்கு மட்டும் மெதுவாக ஊதுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள், எதிர்முனையில் இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கை பழகுவது வேறு. குழந்தை பிறப்பதற்கு முன்பே ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வாருங்கள். பராமரிக்கப் போகிறவரையும் கூட அழைத்துப் போங்கள்.